கேட்ச்போல் வீட்டுப் பெண்கள்

1

என் மகள் கோமதி இறந்த நாளுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. அவள் கணவர் ஆலன் ஒரு தேதியை வைத்திருக்கிறார். நான் ஒரு திதியை வைத்திருக்கிறேன். முதலாண்டிலேயே இரண்டும் பிரிந்துவிட்டன, திதி முந்திக்கொண்டது. அதை முன்னிட்டு ஆலனும் நானும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள இப்ஸ்விச்சிலிருந்து திருவனந்தபுரம் வந்தோம். கரமனையில் என் அக்கா சீதையின் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே ஆலன் கிணற்றடியில் தம் சட்டையைத் தாமே துவைத்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று அக்கா தடுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

விமான நிலையத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. அஸ்தியின் ஒரு பகுதியை நான் என் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன். தகனச் சான்றிதழைப் பார்த்த இளம் அதிகாரி என் கடவுச்சீட்டையும் பார்த்தார். பிறகு, இது உங்களுக்கு யார் என்று மரியாதையாகவே மலையாளத்தில் கேட்டார்.

"ஸாரின்றெ ஆரா இது?"

"மகள்."

"பேரு கேட்ச்போல் எந்நாணல்லோ. ஸாரின்றெ பேரு வேறயல்லே."

நான் விளக்கத் தொடங்கினேன். மலையாளத்தில் இரண்டு வாக்கியம், பிறகு தமிழில் பாதி, முடிவில் ஆங்கிலம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தவனின் மலையாளம் அவ்வளவுதான் தாங்கும். அவர் என்னைத் தாண்டி ஆலனைப் பார்த்தார். "பர்த்தாவு ஒப்பிட்டால் மதி" என்றார். கணவர் கையெழுத்திட்டால் போதும். ஆலன் கையெழுத்திட்டார். அதன் பிறகு அஸ்தி அவருடைய பையில்தான் வரவேண்டும் என்றார்கள். என் பையைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவர்கள் செய்ததில் தவறில்லை. காகிதத்தில் கோமதிக்கு நான் யாருமில்லை.

2

நம்மவர்களுக்கு இங்கிலாந்தில் முதலில் ஏற்படும் தொல்லை பெயர்தான். எனக்கு இருந்தது ஒரு பெயரும் ஒரு முதலெழுத்தும். அதை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து என் தந்தையின் பெயர் என் குடும்பப் பெயராயிற்று. கரமனையை விட்டு ஒருநாளும் வெளியேறாத என் அப்பாவை இப்ஸ்விச்சின் வங்கியும் பல் மருத்துவரும் எரிவாயு நிறுவனமும் நாற்பது ஆண்டுகளாக அழைத்துக்கொண்டே இருக்கின்றன. கோமதி பிறந்தபோது அந்தப் பெயரே அவளுக்கும் போயிற்று. முதற்பெயர் என் அம்மாவுடையது, பின்பெயர் என் அப்பாவுடையது. என் பெற்றோர் இருவரையும் முதுகில் சுமந்துகொண்டு அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போனது.

திருமணத்தோடு அவள் கோமதி கேட்ச்போல் ஆனாள். கேட்கவே கரடுமுரடான பெயர். இப்ஸ்விச்சைச் சுற்றியுள்ள சஃபோக், நார்ஃபோக் பகுதிகளில் மட்டும் சில குடும்பங்களுக்கு உண்டு. லண்டனில் சொன்னால் எழுத்துக் கூட்டச் சொல்வார்கள். நான் பணியாற்றியது சட்ட வரலாற்றுத் துறையில். ஆகவே அந்தப் பெயர் என் காதில் விழுந்த அன்றே அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆலனுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் 'போல்' என்றால் கழி என்பதால், கழியால் எதையோ பிடித்த முன்னோர் என்று அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லில் கழியே கிடையாது. பழைய பிரெஞ்சும் லத்தீனும் கலந்த சொல் அது. அதன் நேர்ப்பொருள், கோழியைத் துரத்துகிறவன்.

இடைக்கால இங்கிலாந்தில் வரி தண்டும் கடைநிலை ஊழியனுக்கு அந்தப் பெயர் இருந்தது. வரி கொடுக்க இயலாதவன் வீட்டில் அவன் என்ன எடுப்பான்? நிலத்தைத் தூக்க முடியாது. தானியத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். முற்றத்தில் கண்ணெதிரே மேய்வது கோழி; கையில் அகப்படுவதும் அதுதான். அதைப் பிடித்துக் கொண்டுபோவான். பின்னாளில் கடன்பட்டவர்களைக் கைது செய்யும் நீதிமன்றச் சேவகனுக்கும் அதே பெயர் நிலைத்தது. கொல்லன், தச்சன், நெசவாளி என்ற தொழிற்பெயர்களை அங்கே மக்கள் தாமே பெருமையோடு சூடிக்கொண்டிருக்கலாம். இதை யாரும் சூடிக்கொண்டிருக்க மாட்டார்கள். அண்டைவீட்டார் முதுகுக்குப் பின்னால் சொன்னது, மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டு, தொழில் அழிந்த பிறகும் அழியாமல் நின்றுவிட்டது.

திருடனைவிட அவனை ஏன் அதிகம் வெறுத்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். சட்டம் அவன் பக்கம் இருந்தது என்பதுதான் என் வழக்கமான பதில். திருடனைத் துரத்தலாம். இவனுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.

இந்தப் பதிலை நான் நூலகத்தில் கற்கவில்லை. கரமனையில் எங்கள் வீட்டுக்குப் பெயர் அமீனா மடம். என் அப்பாவின் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து திருவிதாங்கூர் நீதிமன்றத்தில் ஜப்தி நிறைவேற்றும் அமீனாவாக இருந்தவர். ஒருமுறை பால் மாடு ஒன்றை ஜப்தி செய்தார். உத்தரவில் பசு என்றுதான் இருந்தது. கன்று என்று இல்லை. ஆகவே பசுவை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார், கன்று கட்டுத்தறியிலேயே நின்றது. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. தெரு எங்கள் வீட்டுக்குப் பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான்.

கேட்ச்போல் என்பதன் பொருளை நான் வீட்டில் சொன்ன அன்று, அப்போது உயிரோடிருந்த என் மனைவி ராஜம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஜாடிக்கேத்த மூடின்னா! அவா கோழியைப் பிடிச்சா, நாம பசுவைப் பிடிச்சோம். இதைவிடப் பொருத்தமா சம்பந்தம் வேறெங்கே கெடைக்கும்?"

3

அந்தச் சம்பந்தத்தை நான் விரும்பவில்லை. அதற்கு ஆலன் காரணமல்ல. அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறவர், அதிகம் பேசாதவர், சொன்ன நேரத்துக்கு வருகிறவர். ஆனால் பெண் கொடுக்கும் இடத்தைப் பற்றிப் பூர்வோத்தரம் விசாரிக்காமல் நம் வீடுகளில் கொடுப்பதில்லை. விசாரிக்க அங்கே எனக்கு யார் இருந்தார்கள்? நான் மாதா கோயில்களுக்குப் போனேன். சனிக்கிழமைகளில் சஃபோக் கிராமங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி, ஆலனின் முன்னோர்களை ஒவ்வொருவராகப் பின்னோக்கித் தொடர்ந்தேன். பண்ணைக் கூலிகள், வண்டியோட்டிகள், வான்கோழி வளர்த்த ஒருவர். குற்றம் சொல்ல ஏதுமில்லை.

"பொண்ணு நிச்சயம் பண்ணிண்டு வந்துட்டா. நீங்க இப்போ சர்ச்சுல போய்ப் பூர்வோத்தரம் விசாரிக்கறேளே" என்று ராஜம் கேலி செய்வாள். "அவாத்துல பைத்தியம் யாருக்காவது உண்டோ? அதைப் பாத்தேளா முதல்ல?"

"இல்லை."

"அப்போ நம்மாத்திலேருந்துதான் போகணும்."

பதிவு அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் திருமணம் முடிந்தது. நானும் ராஜமும் சாட்சிக் கையெழுத்திட்டோம். என் பங்கு அவ்வளவே. பதினெட்டு ஆண்டுகள் அவர்கள் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கோமதியின் தமிழ் முதலில் தொலைபேசியில் சுருங்கிற்று. ராஜம் போனபின் அதுவும் நின்றது. என்னோடு அவள் ஆங்கிலத்தில் பேசினாள். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன்.

மருத்துவமனைக்கு முதன்முறை நானும் உடன் போயிருந்தேன். காத்திருப்போர் அறையில் செவிலி வந்து "மிஸஸ் கேட்ச்போல்" என்றழைத்தாள். யார் எழுந்திருக்கிறார்கள் என்று நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். என் பக்கத்து நாற்காலியிலிருந்து என் மகள் எழுந்தாள்.

மூளையில் கட்டி. கடைசி வாரங்களில் ஆங்கிலம் அவளைவிட்டுப் போயிற்று. அப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். எஞ்சியது குழந்தைப் பருவத்தின் சமையலறைத் தமிழ். தண்ணி, ஜில்லுங்கறது, அம்மா எங்கே, போறும். ஆலன் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகிலேயே இருந்தார். முதல்நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஜில்லுங்கறது என்றால் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு போர்வை போர்த்துவது கேட்டது. அடுத்த வாரம் அவர் எதையும் கேட்கவில்லை. நான் போனபோது கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் "போறும்" என்றாள். அவர் கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டார். நடுவில் என் உதவி தேவைப்படவில்லை.

4

தகனம் இப்ஸ்விச்சில் நடந்தது. அங்கே வேறு எந்தக் கர்மமும் நடக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்று அக்கா தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆலனிடம் தயங்கிச் சொன்னேன். "என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

கர்மத்துக்கு முதல்நாள் மாலை சாஸ்திரிகள் பேச வந்தார். நாற்பது வயதுக்காரர், ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கால் அலம்பிக்கொண்டு உட்கார்ந்தார். கூடத்தில் ஆலன், அக்கா கட்டிவிட்ட வேஷ்டிக்கு மேல் தம் தோல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"பெல்ட் போட்டு வேஷ்டி கட்டற மாப்ளையை இப்போத்தான் பாக்கறேன்" என்றாள் அக்கா.

"இருக்கட்டும் மாமி, அவிழ்ந்து விழாம இருந்தாச் சரி" என்றார் சாஸ்திரிகள். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாமா, விஷயத்துக்கு வரேன். வருஷக் கடைசியிலே பண்றது சபிண்டீகரணம். போனவாளோட பிண்டத்தை மூணாப் பிரிச்சு, முன்னாடி போன மூணு தலைமுறையோட சேக்கணும். சேத்தாத்தான் அவா தனியா அலையாம ஒரு எடத்துல உக்காருவா. சுமங்கலியாப் போன பொண்ணுன்னா, ஆம்படையான் உக்காந்து பண்ணணும். சேக்கறது அவாத்துப் பொம்மனாட்டிகளோட. மாமியார், அவா மாமியார், அவாளுக்கும் மாமியார்."

"ஆலனுடைய அம்மா உயிரோடிருக்கிறார்."

"ஷரி, அப்போ அதுக்கு மேலே மூணு பேர்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்கப்படாது. கல்யாணம் எப்படி நடந்தது?"

"பதிவு அலுவலகத்தில்."

"கன்னிகாதானம் உண்டோ? தாரை வார்த்துக் குடுத்தேளா?"

"இல்லை."

"அவர் கையிலே ஜலம் விடவே இல்லையா?"

"இல்லை."

சாஸ்திரிகளின் முகம் தெளிந்தது. சிக்கல் ஒன்று அவிழ்ந்த தெளிவு அது. "அப்போ கவலையே இல்லை மாமா. தானம் ஆகலைன்னா, சாஸ்திரப்படி கொழந்தை உங்க கோத்ரத்தை விட்டுப் போகவே இல்லை. கன்னிகைன்னே வச்சுக்கலாம். நீங்களே உக்காரலாம். உங்கம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டியோட சேத்துடலாம். ஒரு தோஷமும் கெடையாது. எனக்கும் வெளியிலே பதில் சொல்றது சுளுவு."

"பதினெட்டு வருஷம் குடுத்தனம் பண்ணினாளே வாத்தியாரே, அது எந்தக் கணக்கு?" என்றாள் அக்கா.

"அது லோகக் கணக்கு மாமி. நான் பேசறது வேற கணக்கு."

ஆலன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்றார்.

"பெயர்கள் கேட்கிறார்" என்றேன்.

சாஸ்திரிகள் போனபின் நான் இந்த மாடியறைக்கு வந்துவிட்டேன். வாழ்நாளில் எனக்கு இவ்வளவு தெளிவாக எதுவும் கொடுக்கப்பட்டதில்லை. கோமதி என் அம்மாவின் பக்கத்தில் உட்காரலாம். யாருடைய பெயரைச் சுமந்தாளோ அவள் பக்கத்தில். அவர்கள் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். கடைசியில் அவளிடம் எஞ்சியிருந்ததும் அதுதான். நான் போகும்போது அவள் எங்கிருக்கிறாள் என்று தேட வேண்டியதில்லை. இதற்கு ஆலனின் சம்மதம் தேவையில்லை. அவருக்குத் தெரியவேண்டியதும் இல்லை. சாஸ்திரம் என் பக்கம் இருந்தது.

கீழே பேச்சுக் குரல் கேட்டது. அக்கா கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் முப்பதாண்டு வேலை பார்த்தவள். அவளுடைய ஆங்கிலம் எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிடும்.

5

காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு ஆலன் என்னிடம் வந்தார். இந்தமுறை பெல்ட் இல்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் அக்கா சொன்னார்" என்றார். "எனக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்தால் அவள் என் பாட்டிமாரோடு போவாள். நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் அம்மாவோடு."

"ஆம்."

"நான் உட்கார்ந்தால் நாங்கள் மணம் செய்துகொண்டவர்கள். நீங்கள் உட்கார்ந்தால் இல்லை."

"இந்தக் கர்மத்துக்கு மட்டும் அப்படி."

அவர் வேஷ்டியின் பிடியைக் கை மாற்றிக்கொண்டார். "என் பாட்டி ஐவி நல்லவள். ஆனால் அவளுக்குக் கோமதி சொல்வது ஒரு சொல்கூடப் புரியாது" என்றார். "உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். நான் மறுக்க மாட்டேன்."

வழிவிட்டு நின்றார். அந்த நிலையை நான் அறிவேன். பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விவரித்திருக்கிறேன்: முற்றத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை எடுக்க வந்தவனுக்கு முன், ஒன்றும் சொல்ல வழியில்லாமல் ஒதுங்கி நிற்கும் வீட்டுக்காரன். எங்கள் தெருவில் கன்றை அவிழ்க்காமல் பசுவை மட்டும் ஓட்டிவந்தவருக்கும் அப்படித்தான் யாரோ வழிவிட்டிருக்க வேண்டும்.

பின்கட்டில் சாஸ்திரிகள் தர்ப்பை, எள், சாதம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். ஒரு பலகை போட்டிருந்தது. "யார் உக்காரறா மாமா?"

"அவர்தான்" என்றேன்.

சாஸ்திரிகள் என்னையே பார்த்தார். அக்கா உள்ளே போய் ஓர் உத்தரீயம் எடுத்துவந்து ஆலன் தோளில் போட்டாள். கால் மடக்கி உட்கார அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"கோத்ரம் தெரியாதவாளுக்குக் காச்யபம்" என்றார் சாஸ்திரிகள், தமக்குத்தாமே சொல்வதுபோல். "பாட்டி பேர்?"

"ஐவி."

"கொள்ளுப்பாட்டி?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "மேபல்" என்றார் ஆலன்.

"அதுக்கும் மேலே?"

ஆலன் யோசித்தார். அவர் முகம் சிவந்தது. "தெரியாது" என்றார். "எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. மன்னிக்க வேண்டும்." வேறு ஏதாவது பெயர் சொல்லலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பேர் தெரியலைன்னா பொதுவாச் சொல்லிடலாம்" என்றார் சாஸ்திரிகள்.

"கெசையா" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேபலின் மாமியார் பெயர் கெசையா. பண்ணை வண்டியோட்டியின் மனைவி. எழுதத் தெரியாது, திருமணப் பதிவில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக்குறி போட்டிருக்கிறாள். ஒன்பது பிள்ளைகள் பெற்று நான்கைப் பறிகொடுத்தாள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஆலன்.

"விசாரித்தேன்" என்றேன்.

சாஸ்திரிகள் மந்திரத்தைத் தொடங்கினார். ஐவி நாம்நீம், அதாவது ஐவி என்னும் பெயருடையவளை, மேபல் நாம்நீம், கெசையா நாம்நீம் என்று அந்தப் பெயர்கள் கரமனையின் பின்கட்டில் ஒவ்வொன்றாக ஒலித்தன. என் மகளுக்கான நீண்ட பிண்டத்தை ஆலன் சொன்னபடி மூன்றாகப் பிரித்து, மற்ற மூன்றோடும் சேர்த்துப் பிசைந்தார். பெரிய கைகள், மிகவும் கவனமாகச் செய்தார். சேர்ந்தபின் எது அவள், எது அவர்கள் என்று தெரியவில்லை. அதுதான் நோக்கம்.

"இனி எள்ளும் ஜலமும். யாராவது அவர் கையிலே கொஞ்சம் ஜலம் விடுங்கோ" என்றார் சாஸ்திரிகள்.

தண்ணீர் நிரப்பிய கிண்டி என் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். ஆலன் இரு கைகளையும் குவித்து என் முன் நீட்டினார். கிண்டியின் மூக்கிலிருந்து தண்ணீர் அவர் கையில் விழுந்தது. விரல் வழியாக எள்ளோடு இறங்கிற்று. கையைக் குவித்தபடியே அவர் காத்திருந்தார். நான் விட்டுக்கொண்டே இருந்தேன். சாஸ்திரிகள் மந்திரத்தை முடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆலன்தான் சொன்னார், கோமதி சொல்வது போலவே, முதலெழுத்தில் சற்று அழுத்தி.

"போறும்."

கிண்டியைக் கீழே வைத்தேன்.